ஸ்கேன் முடிவு யாருக்கு?

படாரென்று கதவைத் தள்ளிக்கொண்டு பேராசிரியை உள்ளே நுழைகிறார். சுவரில் காலண்டர் ஆடுகிறது. மருத்துவச் சட்டத்தையும் அறத்தையும் காலமெல்லாம் கல்லூரியில் கற்பித்தவர் அவர். அவரையே “கொஞ்சம் வெளியில உட்காருங்க மேடம்” என்று அனுப்பிவிட்டு, அவருடைய ஸ்கேனை அவர் கணவருக்கு விளக்கிக்கொண்டிருக்கிறார் டாக்டர். பேராசிரியையிடமே படித்த பழைய மாணவர் இந்த டாக்டர். விளக்குப் பெட்டியின் வெள்ளை வெளிச்சத்தில் படம் இன்னும் தொங்குகிறது. கணவர் மூக்குக் கண்ணாடியைத் துடைக்கிறார், துடைத்ததையே துடைக்கிறார். “வயிறு என்னோடது, சேதி மட்டும் இவருக்கா?” மேஜையில் விழுந்த அடியில் பேனாக்கள் சிதறி உருள்கின்றன. “நோயாளிகிட்டதான் முதல்ல சொல்லணும்னு தொண்டைத்தண்ணி வத்தக் கத்தினேனே, கடைசி பெஞ்சுல தூங்கிட்டிருந்தியா?” “மெதுவா பேசும்மா, வெளியில கேக்குது” என்கிறார் கணவர். “கேக்கட்டும்! நீங்க வாயைத் திறக்காதீங்க.” டாக்டரின் முகம் கறுக்கிறது. கீழே விழப்போன பேனா ஒன்றை மேஜை விளிம்பிலேயே பிடித்து நிறுத்துகிறார். நிமிரும்போது அவர் கண்ணிலும் கோபம் இருக்கிறது. “தூங்கல மேடம். போன வருஷம் உங்கம்மாவோட ஸ்கேன் வந்தப்ப, இதே நாற்காலியில உட்கார்ந்து, ‘எங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதப்பா’ன்னு என் கையைப் பிடிச்சுக் கெஞ்சினது யாரு?”