ரிங் மாற்றினால் போதும்

“அது என் லென்ஸ். கழட்டிக் குடு!”

ஸ்ரீனிவாசராகவன் போட்ட சத்தத்தில் நாதஸ்வரக்காரரே திரும்பிப் பார்த்தார்.

தொண்ணூற்று நாலு, தை மாதம். தி. நகரில் ஒரு கல்யாண மண்டபம். ராகவனின் தங்கை பெண் ஸ்நேஹாவுக்குக் கல்யாணம். முகூர்த்தத்துக்கு இன்னும் கால் மணிதான்.

போட்டோகிராபர் நெடுஞ்செழியன் தன் கேமராவை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

“சார், இது என்னுது. உங்களுது நிக்கான், என்னுது பென்டாக்ஸ். உங்க லென்ஸ் என் கேமராவுல எப்டி சார் உக்காரும்?”

“யார்கிட்ட கதை விடறே? இதை நிக்கான்காரனும் பண்ணலை, பென்டாக்ஸ்காரனும் பண்ணலை. வேற கம்பெனி லென்ஸ். பின்னால இருக்கற ரிங்கை மாத்தினா எந்தக் கேமராவிலயும் உக்காரும். எனக்குத் தெரியாதா? பையைத் திற!”

லென்ஸைத் தனி உறையில் போட்டு, பெண்ணின் அறையில் நாற்காலிமேல் வைத்துவிட்டு டிபன் சாப்பிடப் போயிருந்தார் ராகவன். திரும்பி வந்தால் வெறும் உறைதான் கிடந்தது. நடுவில் அந்த அறைக்குள் போன வெளியாள் ஒருத்தன்தான். பூத் தைத்த ஜடையைப் படம் எடுக்கப் போன நெடுஞ்செழியன்.

அவன் பையைத் திறந்தான். உள்ளே, மஞ்சள் துணியில் சுற்றி, ஒரு நிக்கான் ரிங்.

“பாத்தேளா! பென்டாக்ஸ் வச்சிருக்கறவனுக்கு நிக்கான் ரிங் எதுக்கு?”

“சில நாள் வாடகைக்கு நிக்கான் எடுப்பேன் சார். அதுக்காக...”

“பதிலை ரெடியா வச்சிருக்கான் பாரு” என்று யாரோ சிரித்தார்கள்.

மண்டப மேனேஜர், “போலீஸைக் கூப்பிடட்டுமா சார்?” என்றார். மேடையிலிருந்து வாத்தியார், “பொண்ணை அழைச்சுண்டு வாங்கோ, நாழியாறது!” என்று குரல் கொடுத்தார். பெண்ணின் அப்பா கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

நெடுஞ்செழியன் ஒரு தடவை மேடையைப் பார்த்தான். பிறகு லென்ஸைக் கழற்றினான். தானே ரிங்கை மாற்றி ராகவனிடம் நீட்டினான்.

“புடிங்க சார். முகூர்த்தம் நடக்கட்டும்.”

ராகவனின் நிக்கானில் லென்ஸ் ‘க்ளிக்’கென்று உட்கார்ந்தது. வேறென்ன சாட்சி வேண்டும்?

கைவசம் இருந்த சின்ன லென்ஸை வைத்துக்கொண்டு, கூட்டத்தில் இடிபட்டுக் கிட்டே போய்ப் போய் மீதிக் கல்யாணத்தை எடுத்தான் அவன். கிளம்பும்போது மேனேஜர் சொன்னார்: “இனிமே இந்த மண்டபத்து வாசப்படியை மிதிக்காதே.”

மறுநாள் மயிலாப்பூர் வீட்டில், ராகவனின் மனைவி சுப்புலக்ஷ்மி கல்யாணப் பைகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

“இந்தாங்கோ, உங்க லென்ஸ். வாண்டுகள் உறையிலேர்ந்து உருவித் தரையில உருட்டிண்டிருந்துதுகள். பிடுங்கி என் புடவைப் பையில போட்டேன். உங்ககிட்ட சொல்லணும்னு நெனச்சு மறந்தே போயிட்டேன்.”

கீழே சாப்பாட்டுக் கூடத்தில் சம்பந்திகளைக் கவனித்துக்கொண்டிருந்தவளுக்கு மேலே நடந்த ரகளை தெரியாது. நல்ல நாளில் எதற்கென்று அவரும் சொல்லவில்லை.

இப்போது சொன்னார். கேட்டுவிட்டு அவள் மேஜைமேல் இருந்த இரண்டு லென்ஸையும் பார்த்தாள். ஒரே கறுப்பு, ஒரே அளவு.

“போய்க் குடுத்துட்டு, மன்னிப்புக் கேட்டுண்டு வாங்கோ” என்றாள். அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

நான்கு நாள் கிளம்பினார். நான்கு நாளும் தெப்பக்குளத்தைச் சுற்றிவிட்டுத் திரும்பினார். ஐந்தாம் நாள் மந்தைவெளியில் நெடுஞ்செழியனின் ஸ்டூடியோப் படி ஏறினார்.

‘தப்புப் பண்ணிட்டேன்ப்பா.’ வழி நெடுக அதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார். அவனைக் கண்டதும் வாய் வேறொன்றைப் பேசியது.

“நான் புதுசா ஒண்ணு வாங்கிட்டேன். இதை நீயே வச்சுக்கோ. நடந்தது நடந்துபோச்சு. நான் எதையும் மனசுல வச்சுக்கலை.”

சொல்லி முடிப்பதற்குள் காது மடல் இரண்டும் சுட்டன. தன் குரலைத் தானே கேட்கக் கூசியது.

நெடுஞ்செழியன் லென்ஸை வாங்கி, நிக்கான் ரிங்கைக் கழற்றி, தன் பழைய ரிங்கைப் பொருத்தினான்.

“தேங்க்ஸ் சார்.”

பிறகு டிராயரிலிருந்து ஒரு கவரை எடுத்தான். “இத்த உங்க கையில குடுக்கணும்னு வெச்சிருந்தேன். ஆல்பத்துல போடல. நெகடிவும் அதுலயே கீது.”

உள்ளே ஒரே ஒரு படம். கண்ணாடிக்கு முதுகைக் காட்டி ஸ்நேஹா உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியில் அவளுடைய பூ ஜடை. கண்ணாடியின் ஓரத்தில், சின்னதாக, ஆனால் தெளிவாக, லென்ஸும் கையுமாகப் பைமேல் குனிந்திருக்கும் சுப்புலக்ஷ்மி.

ராகவன் படத்தை வாசல் வெளிச்சத்தில் பிடித்து இன்னொரு தடவை பார்த்தார்.

“எப்போப்பா பாத்தே இதை?”

“ரோல் கழுவுனப்போ. மூணு நாளாச்சு சார்.”

“மூணு நாளா? நேரா மேனேஜர்கிட்ட போய்க் காட்டியிருக்கலாமே! உன் பேர்ல இருந்த பழி போயிருக்குமே!”

“காட்டலாம்னு சைக்கிள கூட எடுத்துட்டேன் சார்.” நெடுஞ்செழியன் தலையைச் சொறிந்துகொண்டான். “அப்பால இன்னொரு தபா படத்தப் பாத்தேன். அம்மா பத்திரமாத்தான் எடுத்து வெக்கிறாங்க, எனக்குப் புரியுது. பாக்குற மத்தவங்க இன்னா நெனைப்பாங்க சார்? திருடுற மாதிரில்ல கீது?”