உள்பக்கத் தாழ்ப்பாள்

"டொம்!"

சுவருக்குள்ளிருந்துதான் வந்தது. அடுத்து, கனமான எதையோ தரையில் இழுக்கிற மாதிரி ஒரு சத்தம்.

ராத்திரி இல்லை, சாயங்காலம்தான். ஆனால் கனடாவில், ஜனவரி மாத வின்னிபெக்கில் சாயங்காலம் என்பதே கும்மிருட்டு. குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டு பேஸ்மென்ட் படியில் பாதியில் நின்றுவிட்டேன்.

"மார்க்கோ! திரும்பக் கேக்குது!"

"ஹீட்டர் குழாய், இரேனா! குளிருக்குச் சுருங்குது. எத்தனை தடவை சொல்றது?" மேலேயிருந்து கத்தினான் என் கணவன்.

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அந்தப் பக்கம் கிளென், டெனீஸ், அவர்களுடைய சின்னப் பெண். அடுத்த வீட்டுச் சத்தத்துக்குக் காது கொடுப்பது பாவம் என்று கன்னியர் மடத்துப் பள்ளியில் சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். கீழே போய் ரேடியோவைச் சத்தமாக வைத்தேன்.

ஏணியிலிருந்து இறங்கி வந்து அதை அணைத்தார் ஹனியா அண்ணி.

"வேலை செய்யறப்ப ரேடியோ வேண்டாம்டி."

ஹனியா, மார்க்கோவின் அக்கா. எலக்ட்ரீஷியன். விவாகரத்தாகி வாடகை பிளாட்டில் தனியாக இருக்கிறார். எங்கள் பேஸ்மென்ட்டுக்குக் கூலி வாங்காமல் ஒயரிங் செய்து தருகிறார். அதனாலேயே என்னால் வாயைத் திறக்க முடியவில்லை.

நான் கேட்டது என்ன? வாஷிங் மெஷினுக்கு ஒரு பிளக், நல்ல வெளிச்சத்துக்கு இரண்டு விளக்கு, குழந்தை தவழ ஓர் இடம். அவ்வளவுதான். அண்ணியின் திட்டமோ நாளுக்கு நாள் வளர்ந்தது. மூலையில் தனி அறை. அறைக்குத் தனி ஹீட்டர். கெட்டிலுக்கு ஒரு பிளக்.

"ஜன்னலையும் பெரிசாக்கணும்" என்றார். "ஆள் ஏறி வெளியே போற அளவுக்கு இல்லேன்னா, இன்ஸ்பெக்டர் இதைப் படுக்கையறைன்னு ஒத்துக்க மாட்டார்."

"படுக்கையறை யார் கேட்டாங்க, அண்ணி?"

அண்ணி டிரில்லைக் கிர்ரென்று ஓட்ட ஆரம்பித்தார்.

மறுநாள் அந்த அறைக் கதவின் உள்பக்கம் பெரிய இரும்புத் தாழ்ப்பாள் ஒன்றைப் பொருத்திக்கொண்டிருந்தார்.

"கைக்குழந்தை இருக்கிற வீடு! நாளைக்கு இவ உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டா?"

"உன் பொண்ணுக்கு எட்டாத உயரத்துலதான் வச்சிருக்கேன்."

"அப்ப யாருக்கு எட்டணும்?"

"போய் அந்த டேப்பை எடுத்துட்டு வா" என்றார்.

அன்று சாப்பாட்டு மேஜையில் வெடித்தேன்.

"மார்க்கோ, உன் அக்கா இங்கேயே குடிவரப் போறாங்க. எழுதி வச்சுக்கோ."

"வந்தா என்ன? பெரோகிக் கொழுக்கட்டை நல்லா செய்வா."

"உனக்கு வயிறுதான் மூளை!"

எல்லாவற்றையும்விட எரிச்சல், வெளியே வைத்த அந்த பிளக். எங்கள் ஊர்க் குளிரில் ராத்திரி முழுக்க இன்ஜினுக்குக் கரண்ட் கொடுத்துச் சூடாக வைக்காவிட்டால் காலையில் கார் உறுமக்கூட உறுமாது. அதனால் வெளியே ஒரு பிளக் நியாயம்தான். ஆனால் நாங்கள் கார் நிறுத்துவது படியோரம். அண்ணி பிளக் வைத்தது எதிர்ப்பக்கம், கொல்லையில் எங்களையும் கிளென் வீட்டையும் பிரிக்கிற வேலியோரம்! அதற்கு ஸ்விட்ச், அந்தப் புது அறைக்குள்!

"எங்க கார் இந்தப் பக்கம் நிக்குது, அண்ணி. உங்ககிட்ட காரே கிடையாது. பஸ்ஸுக்கா பிளக்?"

"இருக்கட்டுமே" என்று சிரித்தார்.

"உங்க சாமான் எல்லாம் எப்ப வருது? அதையாவது சொல்லுங்க."

சிரிப்பு நின்றது. ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. பிறகு குனிந்து ஒயரை உரிக்க ஆரம்பித்துவிட்டார்.

வேலை முடிந்தது. இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். அண்ணி கடைசியாக ஒரு மடக்குக் கட்டிலையும் இரண்டு கம்பளியையும் கொண்டுவந்து போட்டார். 'ஆச்சு, அடுத்தது பெட்டிதான்' என்று பல்லைக் கடித்தேன்.

அடுத்த வாரம் மார்க்கோ மாலை ஷிப்டுக்குப் போயிருந்த நேரம். மீண்டும் அந்த "டொம்!" இந்தத் தடவை கண்ணாடி உடையும் சத்தமும் சேர்ந்து.

சற்று நேரத்தில் எங்கள் பக்கவாசல் கதவை யாரோ வெளியிலிருந்து தள்ளித் திறந்தார்கள். குளிர்காலத்தில் நாங்கள் அதைப் பூட்டுவதில்லை. யாராவது வெளியே மாட்டிக்கொண்டால் உறைந்து போவார்கள் என்பதற்காக.

வாசலில் டெனீஸ். கோட் இல்லை, வீட்டுச் செருப்பு. பெண்ணை இடுப்பில் தூக்கியிருந்தாள். உதடு கிழிந்திருந்தது.

"மன்னிச்சுக்கோங்க, இரேனா. கதவு திறந்திருக்கும், கீழே ரூம் இருக்குன்னு ஹனியா சொன்னாங்க."

இருவரையும் உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினேன்.

"ஒயரிங் பண்றப்ப சுவர் வழியா அவங்களுக்கு எல்லாம் கேட்டுடுச்சு. வந்து என்னைப் பார்த்தாங்க. உங்க யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு நான்தான் சத்தியம் வாங்கினேன்."

"அப்ப அந்த பிளக்..."

"நான் கிளம்பிடக் கூடாதுன்னு தினமும் ராத்திரி எங்க வீட்டு பிளக்குலேர்ந்து என் கார் ஒயரை அவர் பிடுங்கி விட்டுடுவார். இப்ப உங்க பிளக்குல சொருகிட்டு வந்தேன். விடிஞ்சதும் வண்டி கிளம்பினா போதும், பிராண்டன்ல என் தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவோம்."

வேலிக்கு அந்தப் பக்கம் கிளென் அவள் பெயரைச் சொல்லிக் கத்துவது கேட்டது. பக்கவாசலைப் பூட்டினேன். போனை எடுத்து போலீசைக் கூப்பிட்டபடியே, "கீழே போங்க" என்றேன். "கார் பிளக்குக்கு ஸ்விட்ச் கதவுக்குப் பக்கத்துலயே இருக்கு. ஹீட்டரையும் போட்டுக்கோங்க."

அவர்கள் இறங்கிப் போனார்கள். விளக்கு எரிந்தது. பிறகு, நான் வேண்டவே வேண்டாம் என்று சண்டை போட்ட அந்தத் தாழ்ப்பாள், உள்ளிருந்து விழும் சத்தம் கேட்டது.