ரவுண்டானாப் புல்

டேங்கர் லாரியின் சத்தம் கேட்டு மூக்கண்டப்பள்ளி லைன் வீட்டிலிருந்து குடத்தோடு ஓடிவந்த பொற்கொடி, ரவுண்டானா ஓரத்தில் மூச்சிரைக்க நிற்கிறாள். லாரியின் குழாயைப் பக்கத்து வீட்டு ஜோதிமணி புல்லின்மேல் பிடித்திருக்கிறாள். காலை வெயிலில் தண்ணீர் விசிறியாய் விரிய, குட்டி வானவில் ஒன்று வந்து வந்து போகிறது. “இது புல்லுக்கு வந்த லோடுக்கா. தெனமும் ரெண்டு வேளை ஊத்தணும். சூப்பர்வைசர் பாக்கறாரு.” “குடுத்துவெச்ச புல்லு,” என்கிறாள் பொற்கொடி. அவள் தலைக்குக் குளித்து ஒன்பது நாளாகிறது. புல்லோரம் நட்டிருக்கும் பலகையில் ‘மிதிக்காதீர்’ என்றுதானே இருக்கிறது? காலிக் குடத்தைப் புல்லின்மேல் வைத்து, பலத்தையெல்லாம் சேர்த்து அழுத்துகிறாள். எடுத்தால் வட்டமாக ஒரு பள்ளம். அவள் கண்ணெதிரிலேயே, நனைந்த புல் ஒவ்வொன்றாய்த் தலைநிமிர்கிறது. குடத்தை மறுபடியும் வைக்கிறாள்.