கடல் வாசல் சட்டம்

ஆறு கடலோடு சேரும் கழிமுகத்தில் கொடுவா மீன்களுக்கு ஒரு தலைவர் இருந்தார். பெண் மீன்கள் கடல் வாசலுக்குத் தனியாகப் போகக் கூடாது என்பது அங்கே சட்டம். தலைவர் அதில் துளியும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

ஒரு நாள், சினையால் வயிறு பெருத்த பெண் கொடுவா ஒருத்தி அவர் முன்னால் வந்து நின்றாள்.

"தலைவரே, முட்டையிட எனக்கு உப்புத் தண்ணீர் வேண்டும். வாசலை மணல் மூடிக்கொண்டு வருகிறது. இன்றைக்கே போகணும்."

"தனியாகவா? முடியாதம்மா. எல்லாம் உங்கள் நல்லதுக்குத்தான். இந்தச் சட்டத்தைப் போட்டவர் எவ்வளவு யோசித்துப் போட்டிருப்பார்!"

"ஒன்றும் யோசிக்கவில்லை. நான்தான் போட்டேன்."

சுற்றி நின்ற சின்னக் கொடுவாக்கள் சிரித்துவிட்டன. கொடுவா மீன் ஆணாக வளர்ந்து, வயது ஏறியதும் பெண்ணாக மாறிவிடும். எல்லோருக்கும் தெரிந்ததுதான். தலைவர்கள் எதிரில் மட்டும் யாரும் அதைப் பேசுவதில்லை.

"அப்போது நான் இதே பதவியில் இருந்தேன்," என்றாள் அவள். "என்னவோ, அன்றைக்கு நியாயமாகத்தான் பட்டது."

"போட்டவரே வந்து கேட்டாலும் சட்டம் சட்டம்தான்."

அவள் வாலை ஒரு சொடுக்குச் சொடுக்கி, மணல் திட்டுகளுக்கு நடுவே மிச்சமிருந்த இடைவெளியில் புகுந்து கடலுக்குப் போய்விட்டாள்.

"துரத்திப் பிடிக்கட்டுமா, ஐயா?" என்று காவல் மீன் கேட்டது.

"வேண்டாம், விடு," என்றார் தலைவர்.

கொஞ்ச நாளாகவே அவருக்கு அடிவயிறு ஒரு மாதிரியாக இருந்தது. வாய்வுத் தொந்தரவு என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார்.