உறுப்பினர் படிவம்

கட்சி அலுவலகத்தில் மின்விசிறி சோம்பலாகச் சுற்றுகிறது. ஜன்னல் வெயில் தண்ணீர் டம்ளரில் பட்டுச் சுவரில் நடுங்குகிறது. எட்டுத் தொழிற்சாலைகளின் முதலாளி பிளாஸ்டிக் நாற்காலியில் ஒடுங்கி உட்கார்ந்தபடி, நிரப்பிய உறுப்பினர் படிவத்தை நீட்டுகிறார். அலுவலகச் செயலாளர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்க்கிறார். "ஐயா, நீங்க போட வேண்டியது மேல. இது தலைவர் கையெழுத்துப் போடற இடம்." முப்பது வருடமாக எந்தக் காகிதத்திலும் 'அனுமதிக்கப்பட்டது' என்ற வரிக்கே போய்ப் பழகிய கை. பக்கத்தில் மனைவி கைக்குட்டையால் வாயைப் பொத்திச் சிரிக்கிறாள். "ஆரம்பமே அமர்க்களம்!" அவரும் சிரித்துக்கொண்டே புதுப் படிவத்தில் கவனமாக, சின்னதாகக் கையெழுத்திடுகிறார். "பழசக் கிழிச்சிடுங்க" என்கிறார். "இருக்கட்டுங்கய்யா, தலைவர் ஒரு தடவ பாக்கட்டும்." செயலாளர் அதை நாலாக மடித்து இழுப்பறையில் வைத்துப் பூட்டுகிறார். மனைவியின் சிரிப்பு பாதியில் நிற்கிறது.