நின்ற லிஃப்டில் எடை

எடை மெஷினை இரு கையாலும் தூக்கிக்கொண்டு அக்கா முன்னால் நடந்தாள். கொடு என்றால் கொடுக்க மாட்டாள். தம்பி நழுவும் பேன்ட்டை ஒரு கையால் பிடித்தபடி பின்னால் போனான்.

எல்லாம் அவன் வாய் செய்த வேலை.

"உன் வீட்ல புவியீர்ப்பு ஜாஸ்திக்கா. கடையில நிக்கிறப்ப உடம்பு லேசாத்தான் தெரியுது, இங்க வந்து மெஷின்ல ஏறினா கூடிப்போயிடுது."

இருபது வருஷம் பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தியவளிடம் சொல்லக்கூடிய பேச்சா அது? வாடா லிஃப்டுக்கு என்று கிளம்பிவிட்டாள்.

சிரிப்புக்குச் சொன்னதுதான். உள்ளே பயம் இருந்தது. அக்காவின் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. அவனுடையது பொருந்தியது. ஆனால் எண்பத்தைந்து கிலோவுக்குக் கீழே வந்தால்தான் எடுப்போம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாளைக் காலையில் ஆஸ்பத்திரியில் கடைசியாக எடை பார்ப்பார்கள். தேறாவிட்டால் அவன் பெயரை அடித்துவிட்டு, முடிவு தெரியாத ஒரு வரிசையில் அக்காவை நிறுத்திவிடுவார்கள்.

பேக்கரி வைத்திருப்பவன், மூன்று மாதமாகத் தன் அடுப்பில் வெந்த ஒரு பன்னைக்கூட வாயில் வைக்கவில்லை. முள்ளோ எண்பத்தெட்டை விட்டு அசையவில்லை. பேன்ட் மட்டும் இடுப்பில் நிற்க மறுத்தது.

"மட்டமான துணிடா, தொளதொளத்துப் போச்சு," என்பாள் அக்கா.

முதலில் அவள் ஒத்துக்கொள்ளவே இல்லை. ரெண்டு பொண்ணு வச்சிருக்கே, போடா என்று விரட்டினாள். கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு என்ன நினைத்தாளோ, சரி என்றாள். ஞாயிறுதோறும் இங்கே வா, நானே எடை பார்க்கிறேன் என்றாள். அவன் தொப்பை முள்ளை மறைத்துவிடும். அவள் பின்னால் ஒட்டி நின்று, இடுப்போரமாக எட்டிப் பார்த்து எண்ணைச் சொல்வாள்.

மேல்மாடியில் லிஃப்ட் திறந்தது. மெஷினை உள்ளே வைத்து அவனை ஏற்றிவிட்டு, வழக்கம்போல் பின்னால் ஒட்டி நின்றாள்.

அவனுக்கு எதிரே, தரைவரை கண்ணாடி. முதல் தடவையாக முள்ளை அவனே பார்த்தான். எண்பத்தெட்டு. அவன் பருமன் மறைத்ததில் அவளுக்குக் கண்ணாடி தெரியவில்லை.

"பூமி உன்னைப் பிடிச்சு இழுக்குதுன்னாரு நியூட்டன். ஐன்ஸ்டீன், இழுக்க யாருமில்ல, நீ பாட்டுக்கு விழுந்துட்டேதான் இருக்கணும், தரைதான் குறுக்கே வந்து உன்னை விழவிடாமத் தாங்குதுன்னாரு. அந்தத் தாங்கலைத்தான் நீ எடைங்கிறே. தரை நழுவ ஆரம்பிச்சா எடை குறையும், நின்னா பழையபடி வந்துடும். பாரு இப்ப."

டயாலிசிஸுக்குப் போய்ப் போய் வெளுத்த முகம், பாடம் சொல்லும்போது மட்டும் பழைய முகமாகிவிடும். அதற்காகவே அவன் புரியாதவன்போல் இன்னும் இரண்டு கேள்வி கேட்பான்.

பொத்தானை அழுத்தினாள். லிஃப்ட் இறங்கத் தொடங்கிய நொடியில் முள் சடாரென்று எண்பதுக்குச் சரிந்தது.

"அப்படின்னா ஆஸ்பத்திரிக்கு லிஃப்ட்லயே போயிடலாம்க்கா!"

"வாய மூடிட்டுப் பாருடா."

வேகம் சீரானதும் எண்பத்தெட்டு. நிற்கப்போகும்போது தொண்ணூற்றைந்தைத் தொட்டது. நின்றதும் மறுபடி எண்பத்தெட்டு. அவள் சொன்னது சொன்னபடி.

கதவு திறந்தது. வெளியே காய்கறிப் பையோடு நின்றிருந்த கீழ்வீட்டுக்காரர், லிஃப்டுக்குள் எடை மெஷின்மேல் நிற்கிற ஆளைப் பார்த்து வாயைப் பிளந்தார்.

"ஆராய்ச்சி நடக்குது சார், அடுத்த தடவை வாங்க," என்று அக்கா வாசல் பக்கம் நகர்ந்தாள்.

முள் எண்பத்து நாலுக்கு இறங்கியது.

அங்கேயே நின்றது.

லிஃப்டும் நின்றுகொண்டுதான் இருந்தது. தரை எங்கும் நழுவவில்லை. நியூட்டனைக் கேட்டாலும் சரி, ஐன்ஸ்டீனைக் கேட்டாலும் சரி, நின்ற லிஃப்டில் எடை குறைய வழியே இல்லை.

கதவு மூடியது. அக்கா திரும்பி வந்து பின்னால் ஒட்டி நின்றாள். அவன் குதிகாலில் ஏதோ லேசாக உரசியது. முள் மெல்ல ஏறியது.

"எண்பத்தெட்டு. பாத்தியா? எல்லார் வீட்லயும் ஒரே புவியீர்ப்புதான்."

"ஆமாக்கா," என்றான்.

லிஃப்ட் மேலே கிளம்பியது. ஒவ்வொரு மாடியாகக் கடந்துபோனது.

"நாளைக்கு நீ அலைய வேணாம்க்கா. ஆஸ்பத்திரிக்கு நான் தனியாவே போய்ட்டு வந்துடறேன்."

பின்னால் அவளுக்கு மூச்சு வாங்கியது.

மேல்மாடி வர இன்னும் நேரமிருந்தது. முடியாத உடம்போடு எவ்வளவு நேரம்தான் அப்படி அழுத்திக்கொண்டு நிற்பாள்?

மெஷினில் அவளுடைய கால் கட்டைவிரலுக்கு இடம் விட்டு, அவன் கொஞ்சம் முன்னால் நகர்ந்து நின்றான்.