ஒரு தாங்கி மட்டும் வெள்ளை

விமானத்தைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு அவன் அதன் வயிற்றுக்குச் சாயம் பூசினான்.

அவள் குசினி வாசலில் நின்று பார்த்தாள்.

இரண்டு உள்ளங்கை நீளம்தான் இருக்கும். முக்கோணச் சிறகு. அதற்கு முன்னால், காது மாதிரி, இன்னும் இரண்டு சின்னச் சிறகுகள்.

கிபிர். குண்டு போடுகிற விமானம்.

சண்டைக்காலத்து வன்னியில் அந்தச் சொல் காதில் விழுந்தால் சோற்றுக் கோப்பையை அப்படியே விட்டுவிட்டுப் பங்கர்க் குழிக்கு ஓடுவார்கள்.

மயூரதன் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறவன். மகள் அபிதா கட்டப்போகிறேன் என்று சொல்லியிருப்பவன். கனடாவில், ஸ்காபரோவில் அவன் வாடகைக்கு இருக்கும் நிலக்கீழ் அறைக்குச் சன்னல் இல்லை. சாய வாடை போக வழியில்லை. அதனால் இங்கே, பல்கனிக் கதவைத் திறந்துவைத்து, சாப்பாட்டு மேசையில் பழைய பேப்பரை விரித்துக்கொண்டு.

இதுவரை அவன் ஒட்டிச் செய்த சின்ன விமானங்கள் யாரோ ஊராரின் ஏதோ சண்டைகளில் பறந்தவை. மூக்கில் சுழலி வைத்த கிழட்டு விமானங்கள். விளையாட்டுச் சாமான் என்று விட்டுவிட்டாள்.

இது அப்படியல்ல.

அண்ணன் லண்டனிலிருந்து விடாமல் போன் எடுத்துக்கொண்டிருக்கிறார். "எவடத்துப் பொடியன், என்ன ஆக்கள்? கொழும்பாம். கொழும்பிலை ஆர் முளைச்சவை? அடி எவடம் எண்டு கேள் பிள்ளை."

அண்ணன் சாதியைச் சாதி என்று சொல்லமாட்டார். ஆக்கள் என்பார்.

இன்று பின்னேரமும் எடுப்பார். அவள் சொல்வதை வைத்துத்தான் அங்கே நாள் பார்ப்பார்கள், அல்லது கைவிடுவார்கள்.

தாய் தகப்பன் இல்லை என்பான் மயூரதன். கொழும்பு என்பான். கொழும்பில் எங்கே என்று கேட்டால் சிரிப்பான்.

அண்ணனுடைய சந்தேகம் வேறு. அவளுடையது இப்போதுதான் பிறந்தது.

கொழும்பில் வளர்ந்தவனுக்கு இதன் வயிறு எப்படித் தெரியும்?

பெட்டியோடு வந்த விளக்கத்தாள் மேசையில் கிடந்தது. அதில் வேறொரு நாட்டின் நிறங்கள். வயிறு துடைத்துவிட்டது போலச் சுத்தம். அவன் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. பஞ்சுக்குச்சியில் கரித்தூளைத் தொட்டு வால் பக்கமாக ஒரு புகைக்கறை இழுத்தான். சிறகின் அடியில் எண்ணெய் வழிந்த மாதிரி ஒரு கோடு.

சரியாக இருந்தது.

அதுதான் பயமாக இருந்தது.

இதன் வயிற்றைக் கிட்ட நின்று பார்த்தவர்கள் யார்? விமானப்படைத் தளத்தில் எண்ணெய் விட்டவர்கள். கழுவியவர்கள். குண்டைத் தூக்கிக் கொளுவியவர்கள்.

அவனுடைய விரல்களைப் பார்த்தாள். பதற்றமே இல்லாத விரல்கள்.

வயிற்றின் கீழே எண்ணெய் நிரப்பும் தாங்கிகள் இரண்டு தொங்கின. ஒன்றுக்குச் சாம்பல் நிறம் பூசினான். தூரிகையைக் கழுவினான். வேறொரு டப்பியைத் திறந்தான்.

மற்றதுக்கு வெள்ளை.

அந்த வெள்ளையை அவள் முன்னமே கண்டிருக்கிறாள்.

ஒரு தாங்கி மட்டும் வெள்ளை. எங்கேயோ கழன்று விழுந்து, புதிதாகப் பூட்டியிருப்பார்கள் போல. அதை அவள் ஒருவருக்கும் சொன்னதில்லை. அபிதாவுக்குக்கூட. அபிதா அன்றைக்கு மடியில்.

மூத்த மகன்தான் பங்கருக்குள் இருந்து எழும்பி ஓடினான். கொடியில் துணி கிடந்தது. மேலே இருந்து பார்க்கிறவனுக்குத் துணிதான் முதலில் தெரியும் என்று சனம் சொல்லும். சிவப்புச் சட்டையை இழுத்து எடுத்துவிட்டான். அடுத்ததற்குக் கையை நீட்டினான்.

வானத்தில் அந்த வயிறு.

பிறகு சட்டை மட்டும் கிடைத்தது.

இவனை வீட்டைவிட்டு அனுப்பவேண்டும். அபிதா கடையிலிருந்து வருவதற்குள். அண்ணன் எடுப்பதற்குள். என்ன சொல்லி அனுப்புவது என்றுதான் தெரியவில்லை.

அவன் விமானத்தை நிமிர்த்திச் சக்கரங்களில் நிற்கவைத்தான். தூரிகைகளைத் துடைத்தான். டப்பிகளை ஒவ்வொன்றாக மூடினான். வேலை முடிந்த ஆளைப் போலக் கழுத்தை நெட்டி முறித்தான்.

மேல்பக்கம் வெறும் பிளாஸ்டிக்.

பெட்டிக்குள் இருந்து வந்த அதே மங்கல் பழுப்பு. ஒரு பொட்டு நிறம் இல்லை.

"மேலுக்குப் பூசேல்லையோ?" என்றாள். கேட்கவேண்டும் என்று நினைத்தது அதையல்ல.

அவன் அவளைப் பார்க்கவில்லை. விமானத்தைத்தான் பார்த்தான்.

"மேல்பக்கத்தை நான் எங்கை மாமி கண்டனான்?"

பல்கனியால் காற்று வந்து பேப்பரைத் தூக்கியது. அவன் உள்ளங்கையால் அமத்திப் பிடித்தான். காற்று நின்ற பிறகும் கையை எடுக்கவில்லை.

அவளும் கீழே இருந்து வயிற்றை மட்டும்தான் கண்டவள். இத்தனை வருடங்களில், அதற்கு ஒரு மேல்பக்கம் இருக்கும் என்று நினைத்ததுகூட இல்லை.

எவடத்தில், என்று கேட்க வாய் வந்தது. ஆர் ஆர் போனவை, என்று கேட்க வந்தது.

அவள் கதிரையை இழுத்துப்போட்டு அவனுக்கு எதிரே இருந்தாள்.

போன் அடித்தது. அண்ணன்.

"என்ன பிள்ளை, வடிவா விசாரிச்சியோ? பிறகு தலையிலை கைவைச்சுக்கொண்டு இருக்கேலாது. என்ன ஆக்களாம்?"

அவள் விமானத்தை எடுத்து மெல்லக் கவிழ்த்தாள். வெள்ளை இன்னும் காயவில்லை. விரலில் ஒட்டியது.

"விசாரிச்சிட்டன் அண்ணை," என்றாள். "எங்கட ஆக்கள்தான்."

மறுமுனையில் அண்ணன் நிம்மதியாக மூச்சு விட்டார்.

"அப்ப சரி," என்றார். "எங்களுக்கு அதுதானே வேணும்."